கண்ட்ரோல் சாரின் அலமாரி

தெருவில் கரண்ட் போனால் ஜனங்கள் முதலில் வந்து நிற்பது தையல்காரம்மாவின் வீட்டு வாசலில்தான். மின்சார ஆபீசுக்கு போன் போடுவதெல்லாம் அப்புறம். "கண்ட்ரோல் சார், எப்ப வரும்?" என்று கேட்பார்கள். தையல்காரம்மாவின் புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருவார். கம்பத்திலிருந்து கம்பத்துக்குப் போகும் கம்பியைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்ப்பார். "அரை மணி நேரத்துல வந்துரும்" என்பார். அநேகமாக வந்தும்விடும். வந்ததும், அவரே உள்ளே போய் விசையைத் தட்டிவிட்ட மாதிரி எதிர்வீட்டுக்காரர் அவரைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டுவார்.

அவர் வேலை பார்த்தது ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் இருந்த பழைய அனல்மின் நிலையத்தில். முப்பத்தோரு வருஷம். கண்ட்ரோல் ரூமில் வேலை என்று கல்யாணப் பேச்சிலேயே சொல்லிவிட்டார்கள். "சட்டை கசங்காத வேலை" என்று அவருடைய அம்மா சொன்னதைக் கேட்டுத்தான் தையல்காரம்மாவின் அப்பா மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினார். அவரும் தையல்காரர். கசங்குகிற சட்டை, கசங்காத சட்டை பற்றியெல்லாம் அவருக்கு நிறைய அபிப்பிராயம் உண்டு.

சொன்னதில் ஒரு குறையும் இல்லை. ஷிப்ட் முடிந்து வரும்போது மனுஷர் குளித்து, தலை வாரி, சோப்பு வாசனையோடுதான் வருவார். போட்டுக்கொண்டு போன சட்டை மடிப்புக் குலையாமல் திரும்பி வரும். அக்கம்பக்கத்துப் புருஷன்மார்கள் கிரீஸும் சிமெண்டுமாக வந்து நிற்க, தையல்காரம்மாவைப் பார்த்து மற்ற பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். யூனிபார்மைத் தானே தைத்துத் தருவதாக அவள் ஒரு தடவை சொன்னாள். அதெல்லாம் கம்பெனியே கொடுத்து, கம்பெனியே துவைத்துக்கொள்ளும் என்று அவர் பேச்சை முடித்துவிட்டார்.

அவளுக்கு இருந்த ஒரே தொல்லை அவருடைய தூக்கம். சாப்பிட உட்கார்ந்தால் பாதிச் சாப்பாட்டில் கண் சொருகிவிடும். கை தட்டிலேயே இருக்கும். "நாற்காலியில உக்காந்து பொத்தானை அமுக்கிட்டு வர்றதுக்கு இவ்வளவு அசதியா? நாள் பூரா மிஷினை மிதிக்கிறேன், எனக்கு வரல தூக்கம்" என்பாள். அவர் சிரித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவார். இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை.

இன்னும் இரண்டு மனத்தாங்கல்கள் உண்டு. நிலையத்தை ஒட்டிய குடியிருப்பில் வீடு தருகிறோம் என்றபோது அவர் வேண்டாமென்று சொல்லி, தினம் முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போய்வந்தார். பிறகு, நிலையத்தை மூடிய அன்றைக்கே அவருக்கும் ஓய்வு கொடுத்து விழா நடத்தினார்கள். அவள் அதற்கென்று புதுச்சட்டை தைத்து, தானும் கிளம்பி நின்றாள். "வீட்டு ஆளுங்களைக் கூப்பிடலை" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். மறுவாரம் காய்கறிக் கடையில் ஒரு பெண்பிள்ளை தன் புருஷனோடு அந்த விழாவில் எடுத்துக்கொண்ட போட்டோவைக் காட்டினாள். தையல்காரம்மா வீட்டுக்கு வந்து நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பிழைப்பைப் பார்க்க வேண்டியிருந்தது.

அதெல்லாம் நடந்து ஒன்பது வருஷம். சும்மா கிடந்த நிலையத்தை இப்போது மின்சாரக் காட்சியகமாக மாற்றிவிட்டார்கள். பழைய ஊழியர்களும் குடும்பத்தாரும் வந்து பார்க்கலாம் என்று கடிதம் வந்தது. அவர் படித்துப் பார்த்துவிட்டுப் பழைய செய்தித்தாள் கட்டுக்கு அடியில் செருகினார். கேட்டதற்கு "முட்டி வலி" என்றார்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவருடைய தங்கைக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. இரண்டு பஸ் மாறி அதிகாலையிலேயே வந்து இறங்கினாள். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். மாமியார் வீட்டில் ஏதாவது பேச்சு வந்தால், "எங்க அண்ணன் கண்ட்ரோல் ரூம்ல இருக்காரு, அவர் ஒரு பொத்தானை அமுக்கினா உங்க தெருவே இருட்டு" என்று சொல்லியே முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவள்.

"அண்ணன் வரலைன்னா போகட்டும். நாம போவோம் அண்ணி. நீங்களும் ஒரு நாளாவது அதைப் பாக்க வேணாமா?"

தையல்காரம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் முட்டியைத் தடவிக்கொண்டே, "கூட்டமா இருக்கும். வெயில் வேற" என்றார்.

"செவ்வாய்க்கிழமை என்ன கூட்டம்?" என்றாள் தங்கை. அண்ணியின் கையைப் பிடித்துக் கிளப்பிவிட்டாள்.

தூரத்திலிருந்து பார்த்தபோது நிலையம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. நாலு புகைபோக்கிகள், செங்கல் சுவர். உள்ளே போனதும் தையல்காரம்மா நின்றுவிட்டாள். அவ்வளவு உயரமான கூரையை அவள் பார்த்ததில்லை. சுவர் முழுக்க வெள்ளைப் பீங்கான் ஓடு; மேலே நீள நீளமான ஜன்னல்கள்; தரையில் பச்சைப் பெயிண்ட் அடித்த மூன்று டர்பைன்கள், படுத்திருக்கும் யானைகளைப் போல வரிசையாக இருந்தன. இவ்வளவு அழகான இடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டாள்.

வழிகாட்டி ஒரு இளம்பெண். கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை தொங்க, எதையும் பதறாமல் சொன்னாள். நாத்தனார் அவளை விடவில்லை. தாங்கள் யார் வீட்டு ஆட்கள் என்பதை வாசலிலேயே சொல்லியாகிவிட்டது. மிதித்தால் பல்பு எரியும் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார்கள். நாத்தனார் ஏறி மிதித்தாள். பல்பு கொஞ்சம் சிவந்து, யோசித்து, அணைந்துவிட்டது.

"அண்ணி, நீங்க ஏறுங்க. உங்களுக்குத்தான் மிதிச்சுப் பழக்கம்."

தையல்காரம்மா ஏறி மிதித்தாள். பல்பு பளீரென்று எரிந்தது. பக்கத்தில் இருந்த பல்பும் சேர்ந்து எரிந்தது. வழிகாட்டிப் பெண், இன்றைக்குக் காலையிலிருந்து இரண்டாவது பல்பை யாரும் எரிய வைக்கவில்லை என்றாள். தையல்காரம்மாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. இறங்க மனமில்லாமல் இன்னும் கொஞ்சம் மிதித்தாள்.

கண்ட்ரோல் ரூம் மாடியில் இருந்தது. அரைவட்டமாக ஒரு பெரிய மேஜை, அதன்மேல் வரிசையாகக் கைப்பிடிகள், சுவர் நிறைய முள் வைத்த வட்டங்கள். கண்ணாடி வழியாகக் கீழே டர்பைன்கள் தெரிந்தன. மேஜைக்கு முன்னால் ஒரு சுழல் நாற்காலி. அதில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். நாத்தனாருக்கு வாயெல்லாம் பல். உட்கார்ந்தாள், ஒரு கையைக் கைப்பிடியில் வைத்தாள், அண்ணியை எடுக்கச் சொன்னாள். எடுத்த கையோடு குடும்பக் குழுவுக்கு அனுப்பியும்விட்டாள். கீழே 'எங்க அண்ணன் உக்காந்த நாற்காலி' என்று போட்டாள். நிமிஷத்தில் சித்தப்பா வீட்டிலிருந்தும் பெரியம்மா வீட்டிலிருந்தும் பூவும் கைதட்டலுமாக வந்து விழுந்தன.

பின்சுவரில் போட்டோக்கள் மாட்டியிருந்தன. கண்ட்ரோல் ரூம் ஊழியர்கள் ஒவ்வொரு வருஷமும் எடுத்துக்கொண்டவை. கீழே பெயர்கள். நாத்தனார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தாள்.

"இதுல இல்லையே... இதுலயும் இல்ல. அண்ணி, கல்யாணம் ஆன வருஷம் எது?"

தையல்காரம்மாவும் தேடினாள். மீசை வைத்தவர்கள், வழுக்கையானவர்கள், ஒரு வருஷம் முன்வரிசையில் இருந்து மறுவருஷம் பின்வரிசைக்குப் போனவர்கள். அவருடைய முகம் எதிலும் இல்லை.

"லீவுல இருந்திருப்பாரு" என்றாள்.

"ஒவ்வொரு வருஷமுமா?"

"யாராவது போட்டோ எடுக்கணும்ல. எடுத்தவரே அவரா இருக்கும். உங்க அண்ணனுக்கு எப்பவுமே முன்னாடி வந்து நிக்கிற பழக்கம் கிடையாது."

நாத்தனாருக்கு இது பொருத்தமாகப் பட்டது. "அதானே" என்றாள். தையல்காரம்மாவுக்குத்தான் சொன்ன பிறகு ஏதோ நெருடியது. தையலில் எங்கேயோ ஒரு நூல் தப்பிப் போனால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். அந்த மாதிரி.

அதற்குள் நாத்தனாருக்குக் கால் வீங்கிவிட்டது. கீழ்த்தளத்துக்கு ஐம்பத்திரண்டு படி என்றதும், "நான் கேண்டீன்ல உக்காந்து டீ குடிக்கிறேன். நீங்க பாத்துட்டு வாங்க" என்று ஒதுங்கிக்கொண்டாள். தையல்காரம்மா வழிகாட்டிப் பெண்ணோடு இறங்கினாள்.

படி முடிகிற இடத்தில் ஒரு நீளமான குளியல் அறை. சுவரோரமாகக் குழாய்கள், நடுவில் சிமெண்டுத் தொட்டி. இன்னும் லேசாக சோப்பு வாசனை அடித்த மாதிரி அவளுக்கு இருந்தது. ஒன்பது வருஷமாக யாரும் குளிக்காத இடத்தில் என்ன வாசனை இருக்கப்போகிறது, மனப்பிராந்தி என்று நினைத்துக்கொண்டாள்.

"இது எல்லாருக்கும் உள்ளதா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. சாம்பல் பிரிவுக்கு மட்டும்தான். கொதிகலனுக்கு அடியில வேலை பாத்தவங்க. அவங்க இங்க குளிக்காம வெளிய போக முடியாது. அப்படி இருப்பாங்க. மேல உள்ளவங்களுக்கு இதுக்கு அவசியமே இல்ல, அவங்க வந்த சட்டையோட போயிருவாங்க."

குளியல் அறையை அடுத்து அலமாரிகள் இருந்தன. ஆளுக்கு ஒன்றாக, ஒடுக்கமான இரும்பு அலமாரிகள். கதவில் எண்ணும் பெயரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தன. கேட்டில் காட்டும் பித்தளை டோக்கனில் எந்த எண்ணோ அதே எண்தான் அலமாரிக்கும் என்றாள் வழிகாட்டி. தையல்காரம்மா தேடவில்லை. தேடக்கூடாது என்றுதான் நடந்தாள். ஆனால் முப்பத்தோரு வருஷம் "டோக்கனை மறந்துட்டீங்களா" என்று வாசல் வரைக்கும் ஓடிக் கொடுத்த எண் அது. கண் தானாகப் போய் விழுந்தது. இருநூற்றுப் பதினாலு. பக்கத்தில் அவர் பெயர். முன்னால் அவருடைய அப்பா பெயரின் எழுத்து.

"இதைத் திறக்கலாமா?"

"திறங்கம்மா. மூடுன அன்னைக்கு அவங்க விட்டுட்டுப் போனது எல்லாமே அப்படியே இருக்கு. நாங்க எதையும் மாத்தலை."

உள்ளே ஒரு கொக்கியில் கான்வாஸ் கோட்டு ஒன்று தொங்கியது. ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்க வேண்டும். கையில் எடுத்தால் அட்டை மாதிரி விறைப்பாக இருந்தது. முழங்கைக்கு மேலே, தோளில், நெஞ்சில் எல்லாம் தீப்பொறி பட்டுப் பொத்தல் விழுந்திருந்தது. பொத்தல்களுக்கு ஒட்டுப் போட்டிருந்தது. கோணிகட்டும் நூலால், ஒவ்வொரு தையலும் ஒவ்வொரு அளவில், இழுத்து இழுத்து, துணி சுருங்கிப்போய் ஒட்டு ஒரு பக்கமாக நின்றது. ஊசி பிடிக்கத் தெரியாத ஆம்பளைக் கை.

வீட்டில் ஒரு தையல்காரியை வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்து இதைத் தைத்திருக்கிறார்.

அவள் அந்த ஒட்டுகள் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தாள். பதினோரு ஒட்டு இருந்தது. கோட்டை மறுபடியும் கொக்கியில் மாட்டி, காலரைச் சரிசெய்து, கதவைச் சாத்தினாள்.

"தெரிஞ்சவங்களாம்மா?" என்றாள் வழிகாட்டி.

"அவங்க வேலை செஞ்ச இடத்தைக் காட்டும்மா" என்றாள் தையல்காரம்மா.

அது ஒரு சுரங்கம் மாதிரி இருந்தது. தலைக்கு மேலே அரைக்கை உயரத்தில் கூரை. இரண்டு பக்கமும் இரும்பு வாய்கள், ஒவ்வொன்றும் ஒரு கொதிகலனின் அடிவயிறு. எரிந்த நிலக்கரி கட்டிகட்டியாக மேலேயிருந்து வந்து இந்த வாய்களில் விழும். கதவைத் திறந்து, ஆளுயர இரும்புக் கம்பியால் அதை இழுத்துக் கீழே கால்வாயில் தள்ள வேண்டும். தள்ளும்போதே தண்ணீர் பீய்ச்ச வேண்டும். நெருப்பில் தண்ணீர் பட்டதும் ஆவி கிளம்பும், பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். இருபது நிமிஷம் உள்ளே, பத்து நிமிஷம் வெளியே, மறுபடியும் இருபது நிமிஷம். ஷிப்டுக்கு எட்டுப் பேர்.

"அவங்க இழுக்கறதை நிறுத்திட்டா மேல எல்லாமே நின்னுரும்மா" என்றாள் அந்தப் பெண். "உங்க வீட்டுக்காரர் எந்த வருஷத்துல கண்ட்ரோல் ரூம்ல இருந்தாரு? அந்தம்மா சொன்னாங்களே."

"அவ ஏதாவது சொல்லிட்டே இருப்பா" என்றாள் தையல்காரம்மா.

நெருப்பு இல்லை, ஆவி இல்லை, சத்தம் இல்லை. ஒன்பது வருஷமாகக் குளிர்ந்து கிடக்கிற இரும்புதான். இருந்தும் அங்கே அவளால் ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை. அவருடைய காது மடலின் உள்பக்கம் எப்போதும் ஒரு சாம்பல் நிறக் கோடு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். "அந்த ஏசியில இவ்வளவு தூசியா?" என்பாள்.

கேண்டீனில் நாத்தனார் இரண்டாவது டீயில் இருந்தாள். "கீழ என்ன இருந்துச்சு அண்ணி?"

"குளிக்கிற இடம்" என்றாள் தையல்காரம்மா.

நாத்தனாரைப் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவர் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். போன் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. நாற்காலி போட்டோவுக்கு வந்த பூக்களையெல்லாம் பார்த்திருப்பார். ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

"கால் வலிக்குதா?" என்றார்.

"இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் தையல் மிஷினுக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூட யூனிபார்ம் அறுபது பாவாடை தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

அன்றைக்கும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. சாப்பாடு வேளாவேளைக்கு வந்தது. கேட்டதற்கு ஆமாம், இல்லை என்று பதிலும் வந்தது. அவர் நிழல் மாதிரி வீட்டுக்குள் நடமாடினார். மிஷினுக்கு எண்ணெய் விட்டார். கேட்காமலேயே பாவாடைகளை அடுக்கி வைத்தார். அவளுக்குக் கோபம்தான். ஆனால் யார் மேலே என்பதுதான் பிடிபடவில்லை. பொய் சொன்ன ஆள் மேல் கோபப்படலாம் என்று ஆரம்பித்தால், தட்டில் கையை வைத்தபடி அவர் தூங்குவது கண்முன்னால் வந்தது. அதற்குத் தான் சொன்னதும் கூடவே வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம், நாற்பத்தெட்டாவது பாவாடையில், மிஷினை நிறுத்தினாள்.

"பதினோரு ஒட்டு" என்றாள்.

அவர் தலையைத் தூக்கவில்லை. எதைப்பற்றிய பேச்சு என்று கேட்கவும் இல்லை. "கோட்டு இன்னும் இருக்கா?" என்றார்.

"இருக்கு. அதைத் தைச்ச லட்சணமும் இருக்கு. ஒரு நாள் கொண்டுவந்து என்கிட்ட கொடுத்திருந்தா நான் தைச்சுத் தந்திருக்க மாட்டேனா?"

"கொடுத்தா நீ பாத்திருவியே."

அவள் கத்தரிக்கோலை எடுத்து, வெட்ட ஒன்றும் இல்லாமல் திரும்ப வைத்தாள்.

"ஏன் சொல்லலை?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். மென்று முழுங்கித்தான் சொன்னார். கல்யாணம் பேசிய வருஷம் கண்ட்ரோல் ரூம் உதவியாளர் பரீட்சையில் அவர் தேறியது உண்மை. ஆர்டர் அந்த மாதமே வருவதாக இருந்தது. அம்மா அவசரப்பட்டுச் சொல்லிவிட்டாள். ஆர்டர் வேறொருவருக்குப் போனது. அடுத்த மாதம் என்றார்கள். பிறகு அடுத்த வருஷம் என்றார்கள். பிறகு மேலே முள்வட்டங்களோடு கம்ப்யூட்டரும் வந்தது. அதற்குப் படித்தவர்கள் வேண்டும் என்றார்கள்.

"அடுத்த மாசம் மேல போயிருவேன், போனதும் உண்மையாயிரும், அப்புறம் சொல்றதுக்கு என்ன இருக்குன்னு நெனச்சேன்."

"அந்த அடுத்த மாசம் வரவே இல்லையா, முப்பத்தோரு வருஷமா?"

"ரெண்டு மூணு வருஷம் வரைக்கும் சொல்லியிருக்கலாம். அப்புறம் அது கெட்டியாயிருச்சு."

"பொத்தானை அமுக்கறதுக்கு அசதியான்னு நான் கேட்டப்பல்லாம் சிரிச்சீங்களே. அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல. என்னை எவ்வளவு பேச விட்டுட்டீங்க." அவள் மிஷினிலிருந்து பாவாடையை உருவிப் போட்டாள். "நான் சொன்னதை எல்லாம் இப்ப எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"நீ கேட்டது எனக்குக் கோபமா இல்லம்மா. நீ அதை நம்புறேன்னு தெரிஞ்சா, கொஞ்ச நேரத்துக்கு நானே மேல இருக்கிற மாதிரி இருக்கும்."

அதற்கு மேல் அவளால் கோபத்தை இழுத்துப் பிடிக்க முடியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். எழுந்துபோய் டீ போட்டாள். இரண்டு டம்ளரோடு வந்து உட்கார்ந்தபோது வேறொன்று ஞாபகம் வந்தது.

"அது சரி. கரண்ட் போனா அரை மணி நேரத்துல வந்துரும்னு எப்படிச் சொன்னீங்க?"

"எப்பவும் அரை மணி நேரத்துல வந்துரும்ல" என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ புரையேறியது. அவர் முதுகில் தட்டினார்.

"நாளைக்கு என்னை அங்க கூட்டிட்டுப் போங்க. அந்தப் பொண்ணு நல்லாத்தான் சொல்லுது. ஆனா அது உள்ள நின்னது இல்ல."

"தங்கச்சிக்கு என்ன பதில் சொல்றது?"

"அது உங்க பாடு."

அவர் அன்றைக்குச் சாயங்காலமே தங்கைக்கு போன் போட்டார். முற்றத்தில் நின்று பேசினார். தையல்காரம்மா ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. அவள் நாத்தனார் வாழ்நாளில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. பிறகு போனிலிருந்து குரல் வெளியே வழிந்தது.

"அப்ப அந்த நாற்காலி யாரோடது? நான் போட்டோ போட்டுட்டேனே."

"அது யாரோடதோம்மா. எடுத்துரு."

"எடுக்க மாட்டேன். நான் நல்லா விழுந்திருக்கேன் அதுல" என்றாள் தங்கை. கொஞ்சம் நிறுத்தி, வேறு குரலில், "ரொம்பச் சூடா இருக்குமாண்ணே அங்க?" என்றாள். அவர் பதில் சொல்வதற்குப் பதிலாக முற்றத்தின் அந்தக் கோடிக்கு நடந்துபோனார். அதற்கப்புறம் தையல்காரம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஜன்னலை விட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலை கிளம்பினார்கள். டர்பைன் கூடத்தில் அவர் விருந்தாளி மாதிரி நடந்தார். மாடிப்படி வந்ததும் தயங்கினார்.

"மேல வேணாம். எனக்கு அங்க வழி தெரியாது."

"எனக்குத் தெரியும், வாங்க" என்று அவள் முன்னால் ஏறினாள்.

கண்ட்ரோல் ரூமுக்குள் அவர் வேலைக் காலத்தில் இரண்டே தடவைதான் வந்திருக்கிறாராம். இரண்டு தடவையும் ஏதோ சீட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பியதுதான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜையைச் சுற்றிவந்தார். ஒரு முள்வட்டத்துக்கு முன்னால் குனிந்து, "இதுதான் எங்க கொதிகலன். முள்ளு இங்க வந்தா கீழ எங்களுக்கு மணி அடிப்பாங்க" என்றார். உட்காரச் சொன்னாள். "வேணாம்" என்றார். அவளும் வற்புறுத்தவில்லை.

கீழே இறங்கும்போது முட்டி வலி எங்கே போனதென்று தெரியவில்லை. படிகளை எண்ணாமல் இறங்கினார். எந்த இடத்தில் தலையைக் குனிய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது; அவள் தலையில் கைவைத்து ஒரு தடவை குனியவும் வைத்தார். அலமாரியைத் திறந்து கோட்டை வெளியே எடுத்துப் பார்த்தார். "இவ்வளவு மோசமாவா தைச்சேன்" என்றார். அவள் அதை வாங்கிக் கொக்கியில் மாட்டினாள்.

சுரங்கத்தில் அவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். மூன்றாவது இரும்பு வாய்க்கு நேராக அவர் போய் நின்றார். எங்கே நிற்கிறோம் என்று பார்க்கவே இல்லை. கால் தானாக அந்த இடத்தில் போய் நின்றது. ஒரு காலை முன்னால் வைத்து, உடம்பைச் சாய்த்து, இல்லாத கம்பி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்காட்டினார். அறுபத்தைந்து வயது மனுஷரின் தோள் அந்த ஒரு கணம் எப்படியோ அகலமாகத் தெரிந்தது.

அப்போது படியில் பேச்சுச் சத்தம் கேட்டு நாலைந்து பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் கழுத்தில் கேமரா தொங்கியது. வழிகாட்டிப் பெண் அவர்களோடு வரவில்லை. சுவரில் எழுதியிருந்த விவரம் பொடி எழுத்தாக இருந்ததால் கேமராக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற தையல்காரம்மாவின் புருஷனிடம் திரும்பினார்.

"இங்க என்னங்க நடந்துச்சு? உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தொண்டையைச் செருமினார். மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அவள் வேறெங்கோ பார்க்கிற மாதிரி நின்றுகொண்டாள்.

"தெரியும். நான் இங்கதான் வேலை பாத்தேன்" என்றார். "சாம்பல் பிரிவு."

"அப்படியா? எவ்வளவு வருஷம்?"

அவர் சொன்னார். கேமராக்காரர் கூட வந்தவர்களைக் கைகாட்டிக் கூப்பிட்டார். எல்லாரும் நெருங்கி வந்து நின்றார்கள். தையல்காரம்மாவின் புருஷன் முதலில் கதவைத் திறப்பது எப்படி என்பதில் ஆரம்பித்தார். பிறகு, இல்லை, அதற்கு முன்னால் மணி அடிப்பதைச் சொல்ல வேண்டும் என்று திரும்பிப் போய் அங்கிருந்து தொடங்கினார். பேச்சு இப்போதைக்கு முடிகிற மாதிரி இல்லை. தையல்காரம்மா சுவரோரமாகக் கிடந்த பெஞ்சின் தூசியை முந்தானையால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.